டோக்கன் பெட்டியும் ஒரு கட்டைவிரலும்

"சும்மா கிடக்கிற காலையெல்லாம் கட்டிப்போட இது என்னடி, மாட்டுத் தொழுவமா?"

லேபில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி மிளகாய் இப்படிக் கேட்டபோது, அதே மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்தவள் அடுத்த கம்பியை எடுத்து ஸ்கேலில் வைத்தாள். அவளுக்கு நிதானம் என்று பட்டப்பெயர். அவள் ஒரு கம்பியை அளந்து வெட்டுவதற்குள் ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்துவிடும் என்று கேலி செய்வார்கள். மிளகாய்க்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சண்டை ஒன்றும் பெரியதில்லை. இவர்கள் படித்தது டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ். அதில் சிப் என்று ஒன்று உண்டு, இரண்டு பக்கமும் கரப்பான்பூச்சி மாதிரி கால் வைத்திருக்கும். வேலை இருக்கிற காலுக்குக் கம்பி போகும். வேலை இல்லாத காலையும் அந்தரத்தில் விடக்கூடாது, மின்சாரத்தைக் கொஞ்சம் மட்டும் விடுகிற ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, பேட்டரியின் மைனஸ் பக்கம் போகிற கிரவுண்ட் கம்பியோடு சேர்த்துவிட வேண்டும் என்பது நிதானத்தின் கட்சி. விட்டால் அது காற்றில் போகிற வருகிறதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு ஆட்டம் போடுமாம். மிளகாய்க்குப் பொறுமை இல்லை. வேலை இல்லாததற்கு எதற்கு உபசாரம் என்று விட்டுவிட்டாள்.

அவளைக் கெட்டிக்காரி என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். மூளை இருந்தது, நிஜம். ஆனால் மூளைக்கு முன்னால் வாயும், வாய்க்கு முன்னால் கையும் ஓடும். இந்தப் பாடத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டவள். முதல் தடவை பரீட்சை வைக்க வந்தவரோடு வாக்குவாதம் செய்தாள். அடுத்த தடவை சிப்பைத் தலைகீழாகச் செருகிப் புகைய விட்டாள். மூன்றாவது தடவையும் போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், பல்கலைக்கழகத்தின் சட்டம் அப்படி.

வீட்டில் இது எதுவும் தெரியாது. வீடு என்பது அச்சாபீசுக்கு மேலே ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே தண்ணீர்க் குடம் நடுங்கும். அம்மா பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிறவள், அப்பா போய்ச் சேர்ந்து வெகு காலம். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் வேலைக்குப் போய்விட்டார்களே, நீ மட்டும் ஏன் இன்னும் போய்க்கொண்டிருக்கிறாய் என்று அம்மா கேட்டபோது, இந்தப் படிப்பு கொஞ்சம் நீளம் என்று சொல்லி வைத்திருந்தாள். அம்மாவும் நம்பினாள். தெருமுனையில் காய்கறி வாங்கும்போதெல்லாம் என் மகள் படிப்பது லேசுப்பட்ட படிப்பில்லை, நீளமான படிப்பு என்று பெருமையடித்தாள்.

இந்தத் தடவை இருவரும் சேர்ந்து செய்தது டோக்கன் பெட்டி. பொத்தானை அமுக்கினால் சிவப்பு எழுத்தில் எண் ஒவ்வொன்றாக ஏறும். எண்ணைக் காட்டுவது நிதானத்தின் பாதி, எண்ணுவது மிளகாயின் பாதி, மார்க்கும் தனித்தனி. எண்ணுகிற சிப்பில் ஒரு கால், எண்ணைத் திரும்பப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதற்கு. அதற்கென்று பொத்தான் வைக்க வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருந்ததால் அந்தக் காலுக்கு வேலை இல்லை. மிளகாய் தொங்கவிட்டது அதைத்தான்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் பெட்டி தன் புத்தியைக் காட்டியது. ஏறிக்கொண்டே போன எண், யாரும் தொடாமலே பூஜ்யத்தில் வந்து விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் ஒழுங்காக ஓடியது. கீழே வைத்தால் விழுந்தது. பற்றவைத்தது விட்டுப்போயிருக்கும் என்று எல்லா இடத்திலும் மறுபடி ஈயம் வைத்தாள். முன்மயிர் கருகியதுதான் மிச்சம். தடவித் தடவிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. சிப்பும் கம்பியும் பதித்த பலகைக்கு அடியில், ஒரு மூலையில் கட்டைவிரல் அழுந்தி இருக்கும்வரை எண் விழவில்லை. ஏன் என்று நிதானத்திடம் கேட்டிருந்தால் அரை நிமிட வேலை. அந்தப் பேச்சு பேசிவிட்டு எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

மறுநாள் பலகையைக் கையில் ஏந்திக்கொண்டே போய் நின்றாள். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கீழே வைத்துக் காட்டச் சொன்னார். பேட்டரி ஒயர் லூசாக இருக்கிறது, பிடித்துக்கொள்கிறேன் சார் என்றாள். பொய் தடங்கலில்லாமல் வந்தது. எண் சொன்ன பேச்சுக் கேட்டு ஏறியது. தேறிவிட்டாள். நிதானம் அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதோடு தொலைந்திருந்தால் பரவாயில்லை. வளாகத்துக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரி உண்டு. அங்கே டோக்கன் கூப்பிட்டுக் கூப்பிட்டு நர்ஸம்மாவின் தொண்டை கட்டிவிட்டதாம். பேராசிரியர் நல்லது செய்வதாக நினைத்து அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் நர்ஸம்மாவின் மேஜையில் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து மிளகாய்க்குக் காலை நேரமெல்லாம் ஆஸ்பத்திரியில்தான். பெட்டிக்குப் பின்பக்கம் மூடி கிடையாது. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பின்னால் கையை விட்டு, கட்டைவிரலை அந்த மூலையில் அழுத்தி வைத்துக்கொள்வாள். பெட்டி எப்படி ஓடுகிறது என்று கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று இன்னொரு பொய். கை மரத்துப்போகும். மூக்கு அரித்தாலும் இடது கையால்தான் சொறிய வேண்டும். நர்ஸம்மாவுக்கோ மனசு நிறைந்துபோயிற்று. "பெத்தா உன்ன மாதிரி ஒரு பொண்ணப் பெக்கணும்மா. எவ்வளவு பொறுப்பு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். ஒவ்வொரு பாராட்டும் முதுகில் வைத்த அடி மாதிரி விழுந்தது.

ஒருநாள் அடக்க முடியாமல் கழிப்பறைக்கு எழுந்து போனாள். திரும்பி வருவதற்குள் எண் பூஜ்யத்துக்கு விழுந்து கூடம் சந்தைக்கடையாகிக் கிடந்தது. காலில் கட்டுப் போட்ட ஒருவர் தான்தான் அடுத்தது என்று டாக்டர் அறைக்குள் புகுந்துவிட்டார். அவருக்கு முன்னால் போயிருக்க வேண்டியவள் ஒரு தாய். மடியில் இருந்த குழந்தைக்கு நெருப்பாய்க் காய்ச்சல், வாயிலெடுத்து அவள் மடியெல்லாம் நனைந்திருந்தது. அவள் கத்தவில்லை. மிளகாயைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள்.

"நீதானே தாயி இத செஞ்ச பொண்ணு? என் புள்ள நம்பரு எங்க போச்சு?"

ஊரையே வாயால் வெட்டுகிறவள் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டைவிரலை மறுபடி அழுத்தி, அந்தக் குழந்தையின் எண் வரும்வரை பொத்தானை அமுக்கினாள்.

அந்த நேரம் பார்த்துத் தொண்டை வலிக்கு மருந்து வாங்க வந்த நிதானம் வரிசையில் நின்றிருந்தாள். கூட்டம் அடங்கியதும் வந்து, பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்து, கேட்டது இரண்டே வார்த்தை.

"எந்தக் காலு?"

மிளகாய் விரலை எடுத்துக் காட்டினாள். எண் விழுந்தது. தொங்கிய காலுக்கும் கிரவுண்ட் கம்பிக்கும் நடுவில் ரெசிஸ்டராக இத்தனை நாள் இருந்தது அவளுடைய தோல்தான் என்று நிதானம் விளக்கினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தவளுக்கு அது திட்டைவிட மோசமாக இருந்தது.

"இப்பவே ஒண்ணு வெச்சுடலாம்டி. யாருக்கும் தெரியாது. மார்க்கு வந்தாச்சு, விடு" என்றாள் நிதானம்.

வேறொருத்தியாக இருந்தால் விட்டிருப்பாள். மிளகாய்க்கு வாயில் எதுவும் தங்காது. நல்ல மனசு, நேர்மை என்று பூச்சூட்ட வேண்டாம். அந்தத் தாயின் கேள்வி தொண்டையில் முள்ளாக நின்றது, துப்பாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். நேரே பேராசிரியர் அறைக்குப் போய், உட்காரச் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவர் மார்க் ஏட்டை எடுத்து விரித்தார். தெரியாமல் தப்புச் செய்தால் சொல்லிக்கொடுக்கலாம், இது அது இல்லை என்றார். மார்க்கை அடித்துவிட்டார். மூன்றாவது தடவையும் போயிற்று. லேப் கார்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தாள்.

அம்மா வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னாள். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அம்மா முகத்தைத் துடைக்காமலே நின்றாள்.

"அப்ப நீளமான படிப்புன்னு சொன்னது?"

"பொய்ம்மா."

"எம்புட்டு பேருகிட்ட சொன்னேன்டி நான்."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். தட்டில் சோற்றைப் போட்டு மகள் பக்கம் தள்ளினாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரமெல்லாம் காய்கறிக்கு வேறு தெருவுக்குப் போய்வந்தாள்.

பின்னால் மிளகாய் லிப்ட் கம்பெனி ஒன்றில் பலகைகளைப் பார்த்து அனுப்பும் வேலைக்குச் சேர்ந்தாள். பட்டம் இல்லாததால் பட்டம் வாங்கினவர்களின் கீழேதான் இன்றைக்கும் வேலை. வாய் குறையவில்லை. தொங்குகிற கால் ஒன்றைக் கண்டால் மட்டும் சத்தம் போடாமல் தானே உட்கார்ந்து கட்டிவிடுகிறாள்.

ஆனால் முதலில் கட்டியது ஆஸ்பத்திரிப் பெட்டியைத்தான். அம்மாவிடம் சொன்ன மறுநாள் காலை, கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று கிளம்பினாள். லேபுக்குள் இனி விடமாட்டார்கள் என்பதால் வழியில் கடையில் ரெசிஸ்டர் கேட்டாள். ஒன்றாகத் தரமுடியாது என்று கடைக்காரர் ரெசிஸ்டர்கள் வரிசையாக ஒட்டியிருந்த ஒரு அட்டையை முழுதாக நீட்டினார். ஒன்றைப் பற்றவைத்துவிட்டு விரலை எடுத்தாள். எண் அப்படியே நின்றது. ஒரு டீ குடிக்கிற காசுக்கு ஒரு அட்டை முழுக்கக் கிடைத்தது.