என் மகள் பக்கத்தில் உட்காரும் தண்டனை

மகள் நான்காம் வகுப்பு. இன்று சாயங்காலம் தல்லாகுளம் சிக்னலில் ஸ்கூட்டியின் பின்னாலிருந்து கேட்டாள்.

“அம்மா, கதிர் ரொம்பப் பேசுனான்னு மிஸ் அவன என் பக்கத்துல உக்கார வச்சாங்க.”

“அதுக்கென்னடி?”

“பொம்பளப் பிள்ளைககிட்ட உக்காந்தாத்தான்டா உனக்கு வெக்கம் வரும்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவன் அழுதுட்டாம்மா. என் பக்கத்துல உக்காந்தா எதுக்கும்மா அழணும்?”

வண்டியைத் திருப்பிப் பள்ளிக்கே போனேன்.

கிளம்பிக்கொண்டிருந்த மிஸ் வாசலிலேயே அகப்பட்டார். கேட்டதும் அவருக்கு முகம் வாடிவிட்டது.

“அடிக்கக் கூடாது, திட்டக் கூடாதுங்குறாக. நாங்களும் எம்புட்டு நேரந்தான் மேடம் கத்துறது? இப்ப பாருங்க, பையன் கப்சிப்னு ஆயிட்டான்.”

“அவன் ஆயிட்டான், சரி. பிரம்பு எடுக்கக் கூடாதுன்னா, அதுக்குப் பதிலா எம்மகள எடுப்பீங்களா?”

“அய்யோ, பாப்பா தங்கமான பிள்ள மேடம்! அவ மேல ஒரு கம்ப்ளைன்ட்டும் இல்ல.”

ஒன்று மட்டும் கேட்டேன். “நாளைக்கு இவ சேட்டை பண்ணுனா, பையங்க நடுவுல உக்கார வைப்பீங்களா?”

பதறிவிட்டார். “சேச்சே! பொம்பளப் பிள்ளைய அப்பிடி உக்கார வைப்போமா?”

இப்போது என் மகளும் கப்சிப்.

நானும் இதே ஊரில்தான் படித்தேன். என் பக்கத்திலும் இப்படிப் பையன்களை உட்கார வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

பள்ளிக்கூடத்தில் யாருக்காவது தண்டனையாக இருந்த பெண்களெல்லாம் கொஞ்சம் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.