கறையான் இல்லாத ஊரில் கழிவு ஒயில்

நிலவறைப் படிகளில் பாதி தூரம் இறங்கிய வீட்டுப் பரிசோதகர் அப்படியே நின்று, மூக்கை நிமிர்த்திக் காற்றை இழுத்துப் பார்த்த அந்தக் கணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் பயம்தான் வரும். பிறகுதான் சிரிப்பு வரும். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற குளிர்நாட்டுப் புறநகரில் இருந்த எங்கள் மாடிவீட்டை விற்க நின்றோம். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு என் கணவரின் தாயாரான மாமியால் படி ஏறி இறங்க முடியவில்லை. படுக்கையறைகள் எல்லாம் மேலே, குசினி கீழே. ஒரு குளிர்காலம் முழுவதையும் அவர் மேல்மாடி யன்னலோடேயே கழித்தார். பக்கத்து ஊரான புவாண்ட்-கிளேரில் கீழ்த்தளத்திலேயே படுக்கையறை உள்ள ஒரு வீடு அகப்பட்டிருந்தது. இது விற்றால்தான் அது எங்களுக்கு.

மாமா என்று நான் கூப்பிடுவது என் கணவரின் தகப்பனாரை. யாழ்ப்பாணத்தில் தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றபின் எங்களிடம் வந்தவர். வாயைத் திறந்து பேசுவதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் செய்து முடித்துவிடுவார். ஒருநாள் வேலையால் வந்து பார்த்தால் வீட்டு வாசற்கதவு வேறு நிறத்தில் இருந்தது. இப்படிப்பட்ட மனிதர் இருக்கும் வீட்டில், சாப்பாட்டு மேசையில் நான் ஒரு செய்தியைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். வீட்டு முகவர் தொலைபேசியில் சொன்னது அது. "வாங்க வாற ஆக்கள் சென்னைப் பக்கம். பரிசோதகரைக் கறையானும் பாக்கச் சொல்லியிருக்கினம்." இந்தக் குளிருக்குள் எந்தக் கறையான் வந்து குடியிருக்கும் என்று என் கணவரும் சேர்ந்து சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

பரிசோதனை நாளன்று அந்தச் சென்னைத் தம்பதி வந்தார்கள். பையன் கணினி வேலை, மனைவி பல்கலைக்கழகத்தில் படிப்பு. மேலே எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பிறகுதான் நிலவறை, பரிசோதகரின் மூக்கு. எண்ணெய் மணம் எனக்கும் அடித்தது. அந்தக் காலத்தில் இங்கே வீடுகளை எண்ணெய் எரித்துத்தான் சூடாக்குவார்கள். பழைய தொட்டி எங்காவது மண்ணுக்குள் கிடந்து கசிந்தால் அந்த வீட்டை வாங்க யாரும் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்கள். எங்களுடையது மின்சாரத்தில் சூடாகும் வீடு. எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் என்ன செய்தார்களோ, யாருக்குத் தெரியும்? வீட்டைச் சுற்றியுள்ள வளவைத் தோண்டிப் பார்க்க வேண்டிவரும், அதுவரை கையெழுத்து வைக்காதீர்கள் என்று பரிசோதகர் அந்தத் தம்பதியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். முகவரின் முகம் செத்துப்போயிற்று. பையன் மனைவியைப் பார்த்து, "எதுக்கு ரிஸ்க்? வேற வீடு பாத்துக்கலாம்" என்று தமிழில் சொன்னான்.

எனக்கு மேல்மாடியில் படுத்திருந்த மாமியின் ஞாபகம்தான் வந்தது.

"தம்பி, நில்லுங்கோ" என்று பின்னால் ஒரு குரல். படியின் உச்சியில் மாமா நின்றார். "கீழ ஒரு தொட்டியும் இல்லை. அது நான் பூசின ஒயில்."

யாழ்ப்பாணத்தில் மரத்துக்குக் கறையான் வராமல் இருக்க வாகனத்தில் மாற்றிய பழைய எஞ்சின் ஒயிலைத்தான் பூசுவார்கள். கராஜ் வைத்திருந்த ஒரு தெரிந்த பெடியனிடம் வாங்கி வந்து, நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், நிலவறைக் கூரை மூலையில் தெரிந்த தீராந்தி மரங்களுக்கு இரண்டு பூச்சுப் பூசியிருக்கிறார். மனுசன் தூரிகையையும் தகரத்தையும் கொண்டுவந்து பரிசோதகர் கையிலேயே கொடுத்தார். நான் மொழிபெயர்த்தேன். பரிசோதகர் மரத்தைச் சுரண்டினார், துணியால் துடைத்தார், முகர்ந்தார், கடைசியில் சிரித்தார். இந்த நாட்டில் ஈரமரத்தைக் குடையும் எறும்புக்குத்தான் பயப்பட வேண்டும் என்றார்.

"ஏன் அங்கிள், மொதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஆரும் கேக்கேல்லையே, பிள்ளை" என்றார் மாமா. பிறகு, கேட்காமலே, அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீண்ட பேச்சு வந்தது. "இடம்பெயர்ந்து போட்டுத் திரும்பி வந்து பாக்க, சண்டையில குண்டுக்கும் செல்லடிக்கும் தப்பின வீட்டைக் கறையான் திண்டுபோட்டுது. வித்துப்போட்டு வருவம் எண்டு ஒராளைக் கூட்டியந்தன். அந்தாள் கூரை வளை மரத்தில விரலை வைக்க, விரல் உள்ளுக்கப் போச்சு. அப்பிடியே திரும்பிப் போயிட்டார். இந்த வீடும் அப்பிடிப் போகப்படாது. மேல இருக்கிறவவுக்குப் படி ஏலாது."

அவள் கணவனின் கையைப் பிடித்தாள். "எங்க தாத்தா வீட்டு நிலைக்கதவும் இப்படித்தான் போச்சு" என்றாள். அதற்குமேல் அவன் வேறு வீடு என்ற பேச்சை எடுக்கவில்லை. மரத்தைக் கழுவித் தரவேண்டும் என்பது மட்டும் அவர்கள் கேட்டது. தகப்பனும் மகனும் சவர்க்காரத்தோடு ஏணியில் ஏறி நின்று தேய்த்தார்கள். திட்டினபடி தேய்த்தது மகன். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "கறையான் வருகுதோ மாமா?" என்று கேட்டுச் சீண்டினேன். மணம் முழுதாகப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அவர்கள் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். கோயிலில் கண்டால் நின்று பேசுவார்கள்.

மாமாவும் மாமியும் இப்போது இல்லை. புவாண்ட்-கிளேர் வீட்டில் விடிந்த முதல் காலை மட்டும் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. நான் எழுந்து வருமுன்பே குசினியில் விளக்கு எரிந்தது. மாமி ஒரு கையால் மேசையைப் பிடித்தபடி, தனியே நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். உதவிக்குப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். கோப்பையைத் தானே கொண்டுபோய் மாமாவின் கையில் கொடுத்தார்.

"சீனி அளவாயிருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம், அளவாயிருக்கு" என்றார் மாமா. கோப்பையை அவர் இன்னும் வாயில் வைக்கவேயில்லை.