குழாயடியில் நான் வைத்த மடு மண்

சகோதரங்களே, ஆண்டவர் என் வீட்டுக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன் நான் செய்ததைச் சொல்லவேண்டும். அதுதான் கஷ்டம்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. பேசாலைக் கரையில் வல்லம் தள்ளிக் கடலுக்குப் போன மனிதர், கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். அதற்காக நெஞ்சின் வலப்பக்கத்தில் ஒரு குழாய் வைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். நேர்ஸ் பிள்ளை முகத்தை மூடி, கையைக் கழுவித்தான் அதைத் தொடுவார். "எங்களைத் தவிர ஒருத்தரும் இதில கை வைக்கக்கூடாது, நனையவும் கூடாது" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

தவக்காலத்தில் மடு மாதா கோவிலுக்குப் போய்வந்த அயலவர்கள் அங்கிருந்து ஒரு முடிச்சு மண் தந்தார்கள். பாம்பு கடித்தாலும் அந்த மண்ணைத் தேடுகிற சனம் நாங்கள். வேர்வையில் பிளாஸ்டரின் ஓரம் கழன்றிருந்தது. அவர் கண்ணயர்ந்த நேரம் அதைத் தூக்கி, குழாயடியில் ஒரு சிட்டிகை வைத்தேன். அடுத்த நாள், நேர்ஸ் ஏசுவாரே என்ற பயத்தில் ஈரத்துணியால் துடைத்துத் திரும்ப ஒட்டிவிட்டேன்.

அன்று இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் போட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை. கட்டில் ஆட நடுங்கினார். காய்ச்சல் ஏறியது. டொக்டர் என்னிடம் வந்தார்.

"அம்மா, பிளாஸ்டர் கழண்டதோ? நனைஞ்சதோ?"

"இல்லை டொக்டர்" என்றேன்.

காய்ச்சல் சளியாலா குழாயாலா என்று தெரியாமல் அவர்கள் தடுமாறினார்கள். குழாயைச் சும்மா கழற்றவும் முடியாது, இரத்தம் சுத்திகரிக்க அவருக்கு வேறு வழி இல்லை. என்னையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. செபமாலையைப் பிடித்துக்கொண்டு, அவரைத் தாருங்கள் தாயே என்று அழுதேன். காய்ச்சல் இறங்கவில்லை.

மறுநாள் காலைப் பூசையில், பாவத்தை ஏற்று மார்பில் தட்டும் இடம் வந்தது. என் கை நெஞ்சில் பட்டது. அவருக்குக் குழாய் இருக்கிற அதே நெஞ்சு. அதற்கு மேல் செபம் வாயில் வரவில்லை. பூசையைப் பாதியில் விட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"மிஸ், நான் பொய் சொன்னனான். குழாயடியில மண் வச்சனான்."

நேர்ஸ் பிள்ளை ஏசவில்லை. "அம்மா, அந்தக் குழாய் நேர இதயத்துக்குப் போகுது. அதில பட்டது ரத்தத்தில பட்ட மாதிரி. இப்பவாவது சொன்னியளே" என்றபடி டொக்டரிடம் ஓடினார். அன்றே குழாயைக் கழற்றி, மருந்தையும் மாற்றினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

கண் விழித்தவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்: "எடியே, எனக்கு மண் போட இன்னும் காலமிருக்கு. நீ அவசரப்பட்டிட்டாய்."

இப்போது அவருக்குப் புதுக் குழாய். மண் முடிச்சு தலைமாட்டில், மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. பிளாஸ்டரின் ஓரம் கொஞ்சம் எழும்பினாலும் நேர்ஸிடம்தான் ஓடுகிறேன். நான் சுகத்தைக் கேட்டேன். மாதா முதலில் என் வாயைத் திறந்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் நம்பி வேண்டுங்கள், கையைக் கழுவுங்கள், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நான் மறைத்த அந்த ஒரு நாளை அவர் உயிரோடு தாண்டினார். அதற்காகத்தான் இன்றைக்கும் முழந்தாளில் நிற்கிறேன்.