பகவதி அழித்த அட்டவணை

போன செவ்வாய்க்கிழமை காலை பகவதியின் தம்பி பூதப்பாண்டியிலிருந்து போன் செய்தார். "ரெஜினாக்கா, எங்க அக்கா போயிட்டா" என்றார்.

பகவதியும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. பிறகு நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில் வேலை. நுண்ணுயிரியல் துறையில் அவள் விரிவுரையாளர், நான் ஆய்வக உதவியாளர். அவளுடைய சிரிப்பும் கோபமும் அவளை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களில் பலர் அறியாத ஒன்றைச் சொல்கிறேன்.

வாய்ப்புண் உண்டாக்கும் ஈஸ்ட் என்ற நுண்பூஞ்சையைப் பற்றியது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. நம் திசுவை அரிக்க அந்த ஈஸ்ட் ஒரு நொதியைச் சுரக்கும். புரதம் கலந்த தட்டில் வளர்த்தால், நொதி புரதத்தைக் கரைத்து, சுற்றிலும் தெளிந்த வளையம் விழும். நோயாளிகளிடமிருந்து எடுத்தவற்றில் பாதிக்கு வளையமே இல்லை. அவை வீரியமற்றவை என்று அட்டவணை போட்டாள். கருத்தரங்கில் வாசிக்க நாளும் குறித்தாயிற்று.

ஆனால் அவள் மனம் ஒப்பவில்லை. "இத எடுத்தோம்லா, அந்த மனுசிக்கு வாய் முழுக்கப் புண்ணு. இதுக்கு வீரியமில்லன்னு நான் எப்பிடி எழுதுவேன்?" என்றாள். வளையம் விழாத தட்டுகளில் ஊற்றியது போக மிச்சமிருந்த வளர்ப்பு ஊடகத்தின் அமில அளவைச் சோதித்துப் பார்த்தாள். அதில் அமிலம் போதவில்லை; அமிலம் இல்லாத இடத்தில் அந்த நொதி வேலை செய்யாது. தயாரித்தவள் நான். அமிலம் சேர்க்க மறந்திருந்தேன்.

சரியாகத் தயாரித்து மறுபடி வளர்த்தோம். அதே ஈஸ்ட்டுகளைச் சுற்றி, சில நாட்களில், பளிச்சென்று வளையங்கள். நான் அழுதுவிட்டேன்.

"கரையாத ஏட்டி. வளருற இடம் மாறினா சுரக்கதும் மாறும்னு கண்ணால பாத்தாச்சுல்லா" என்றாள்.

கருத்தரங்கில் பழைய அட்டவணையைத்தான் முதலில் காட்டினாள். "இது தவறு. ஊடகத்தை நான் சரிபார்க்கவில்லை" என்று அறிவித்து, அதன்மேல் குறுக்கே கோடு போட்டுவிட்டுப் புதிய முடிவுகளை விளக்கினாள்.

"ஊடகத்தைத் தயாரித்தது யார்?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார்.

"ஆய்வு என்னுடையது சார்" என்றாள். என் பெயர் அவள் வாயிலிருந்து வரவே இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது.

தேநீர் இடைவேளையில் நானே அந்தப் பேராசிரியரிடம் போய், "தயாரித்தது நான்தான்" என்றேன். கேள்விப்பட்ட பகவதி, "ஒனக்குக் கிறுக்கா?" என்று திட்டினாள். ஆனால் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் என் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தாள்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். நான் தயாரிக்கும் ஒவ்வொரு புட்டியிலும் அமில அளவை எழுதி, கீழே என் முழுப் பெயரையும் எழுதுகிறேன். தப்பிருந்தால் நேரே என்னிடம் வரட்டும்.