தாது உப்பு தின்ற கோழிகள்

என் அப்பா பழமலைநாதன் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை, பளபளப்புக் கொடுக்கும் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தவர். ஓய்வுக்குப் பின் நாட்டுக்கோழி வளர்த்தார். விற்க அல்ல, தின்ன.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததும் அதற்குத் தடை வந்தது. ரத்தத்தில் கொழுப்பு அதிகம், மஞ்சளாகக் கொழுப்பு மிதக்கிற குழம்பு இனி ஆகாது என்றார் டாக்டர்.

"அவருக்குக் கொழுப்பு அதிகம்னு கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நானும் சொல்றேங்க" என்றாள் அம்மா.

அப்பா விடவில்லை. பேரம் பேசினார். சலித்துப்போன டாக்டர், கொழுப்பே இல்லாத கோழி கிடைத்தால் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் கிண்டலாகச் சொன்னதை அப்பா மருந்துச்சீட்டாக எடுத்துக்கொண்டார்.

நான் நாமக்கல்லில் ஒரு தீவன ஆலையில் ஊட்டச்சத்துப் பிரிவில் இருக்கிறேன். அப்பாவின் கோழிகள் ஓடு பிடிக்காமல் தோல்முட்டையாக இட்டன. தாது உப்புக் கலவை ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். தீவனத்தில் ஒரு சிட்டிகை போதும் என்றேன். அப்பாவுக்குத் தாது என்றால் ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டு சுவர்களில் தாது புஷ்டி லேகிய விளம்பரம் போடுவார்களே, அது.

போனில் கேட்டார்: "சேவலுக்கு மட்டும் வெச்சாப் போதுமா, பெட்டைக்கும் வேணுமா?"

எல்லாவற்றுக்கும் என்றேன். எல்லாவற்றுக்கும் கைநிறைய அள்ளிப் போட்டார்.

அடுத்த முறை போனபோது சேவல் கழுத்தில் இறகு இல்லை. பெட்டைகள் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்து நின்றது. லேகியம் வேலை செய்யவில்லை என்று அப்பா அலுத்துக்கொள்ளவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. காலையில் ஒரு பெட்டையைக் கறிக்கடை ஷாநவாஸிடம் கொடுத்து வெட்டியிருந்தார். வயிற்றில் ஒரு பொட்டுக் கொழுப்பு இல்லை.

"அண்ணே, இது என்னவிட ஒழுங்கா நோன்பு வெச்சிருக்குது" என்றாராம் ஷாநவாஸ்.

அவர் சொன்னதுதான் சரி. கலவையில் துத்தநாகம் இருக்கிறது. அளவு மீறினால் கோழி இரை எடுக்காது, இறகு கொட்டும், சேர்த்து வைத்த கொழுப்பையே கரைத்துத் தின்னும். மிச்ச உப்பு ஈரலில் தங்கும், தின்கிறவருக்கும் ஆகாது.

"இது கொழுப்பு இல்லாத கோழி இல்லப்பா. பட்டினி கெடந்த கோழி."

"பட்டினி கெடந்தது கோழிதான பாப்பா? நானா கெடந்தேன்?"

கறியைப் பிடுங்கிக் குழியில் புதைத்தேன். குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. கோழியை வதைக்காமல், புரதத்தைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்புக் குறைந்த கோழியாக வளர்த்துத் தருகிறேன் என்றேன். இரண்டு பெட்டைகளைத் தனிக்கூண்டில் விட்டோம். தினமும் அவற்றின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்துப் போனில் சொல்வார். "இன்னும் கொழகொழன்னுதான் இருக்குது."

கொழுப்பு குறையுமுன் அவர் போய்விட்டார். டீ வாங்கப் போன இடத்தில், கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி.

காரியம் முடிந்தபின் அவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும் என்றாள் அம்மா. தனிக்கூண்டுப் பெட்டைகளில் ஒன்றை அறுத்தோம். அடிவயிற்றில் கொழுப்பு மஞ்சளாகத் திரண்டிருந்தது. பழக்கத்தில் கத்தியை அங்கே கொண்டுபோனேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"இருக்கட்டும் வுடு. இனிமே அவருக்கு யாரு டெஸ்ட் எடுக்கப் போறாங்க?"

குழம்பு கொதித்து அடங்கியது. மேலே மிதந்ததை அகப்பையில் அள்ளி அப்பாவின் இலையில் ஊற்றினேன்.