ஊரைக் காட்டுக்குக் கூட்டிப்போனவர்

என் வீட்டுக்காரரின் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. எங்கள் காலத்துப் பெண்கள் யாரும் சொன்னதில்லை. இப்போது எழுத உட்கார்ந்தாலும் கை கூசுகிறது. அதனால் 'அவர்' என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற வழியில் உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. சோளமும் கடலையும் விளைகிற மேட்டுக்காடு, வற்றாத கிணறு ஒன்று, ஒரு ஜோடி எருது. அவருக்கு இருந்தது அவ்வளவுதான். ஊருக்கு மணியக்காரர் வேறு ஒருவர். மச்சு வீடு, வில்வண்டி எல்லாம் அந்த மணியக்காரருக்கு உண்டு. ஆனாலும் ஊரில் இரண்டு பேர் முட்டிக்கொண்டால் எங்கள் வாசலுக்குத்தான் வந்து நிற்பார்கள். ஏன் என்று கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு விளங்கவில்லை. அவர் அதிகம் பேசுகிறவரும் இல்லை.

எங்கள் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது தண்ணீர் முறைச் சண்டையில் அண்ணன் தம்பி இருவர் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். அவர் மகளை மடியில் வைத்துச் சோளச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒரு வாய் வாங்கினால் அதை விழுங்க அரை நாழிகை ஆகும். "கொஞ்சம் உக்காருங்க, இவ உண்டு முடிக்கட்டும், வாரேன்" என்றார். இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தம்பிக்காரன், "கண்ணு, முழுங்கு சாமி, சித்தப்பனுக்குக் காட்டுல வேலை கெடக்குது" என்று கெஞ்ச, அண்ணன் சிரித்துவிட்டான். சண்டை பாதி தீர்ந்துபோயிற்று. அவர் வேண்டுமென்றே தாமதித்தாரா, நிஜமாகவே பிள்ளை சாப்பிடுவதுதான் பெரிது என்று நினைத்தாரா என்று பின்னால் கேட்டேன். "ரெண்டுந்தான்னு வெச்சுக்கயே" என்றார்.

அதற்கு அடுத்த வருஷம்தான் எலி விழுந்தது.

கொள்ளை நோய் வருவதற்கு முன் எலி சாகும் என்று எல்லோருக்கும் தெரியும். மேற்கே இரண்டு ஊர்களில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டி ஆட்கள் செத்துக்கொண்டிருந்த சேதியும் வந்திருந்தது. ஒருநாள் காலையில் தானியம் கொட்டிவைக்கிற தொம்பைக்கு அடியில் தவசம் எடுக்கக் குனிந்தேன். ஓர் எலி வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தது. நான் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். அவர் அதை முறத்தில் தள்ளிக் கொண்டுபோய் எரித்துவிட்டு, நேரே மணியக்காரர் வீட்டுக்குப் போனார். ஊரைக் காலி செய்துவிட்டுக் காட்டில் ஓலைக்குடிசையாகச் சாளை போட்டு இருந்துவிடலாம் என்று சொன்னார்.

அம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்ததால் மணியக்காரர் ஒப்பவில்லை. "நோம்பி சாட்டியாச்சு. அம்மனைத் தனியா உட்டுட்டு ஊரே கெளம்பறதா? நோம்பி முடியட்டும், பாக்கலாம்" என்றார்.

இவர் வாதம் செய்யாமல் திரும்பி வந்தார். அன்றைக்கே பனையோலை வெட்டி எங்கள் காட்டில் கிணற்றடியில் ஒரு சாளை போட்டார். மறுநாள் கட்டிலையும் சட்டிபானைகளையும் வண்டியில் ஏற்றினார், என்னையும் மகளையும் மேலே உட்கார வைத்தார். பிறகு வீடுவீடாகப் போனார். அவர் சொன்னது வண்டியில் இருந்த என் காதில் விழுந்தது.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரி வாயும் வயிறுமா இருக்கறா. காட்டுல தனியா இருக்கப் பயப்படறாளுங்க. நீங்களும் வந்தீங்கன்னா தொணையா இருக்கும்."

எனக்குப் பயமே இல்லை. வண்டி நகர்ந்ததும் "நான் எப்பங்க பயந்தேன்?" என்று கேட்டேன். "நீ பயப்படலை புள்ள. அவங்கதான் பயந்து போயிருக்கறாங்க. அதைச் சொன்னா வருவாங்களா?" என்றார். எனக்குத் துணையாக வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு வீடாக வந்தது. இரண்டாம் நாள் மணியக்காரர் வீட்டிலும் எலி விழுந்தது. வில்வண்டியும் வந்து சேர்ந்தது.

ஊருக்குக் கிழக்கே குடியிருந்த கூலிக் குடும்பங்களையும் அவர் கூப்பிட்டார். "நம்ம கெணத்துலயா அவங்களும்?" என்று சிலர் முகம் சுளித்தார்கள். அவர் எருதுகளைப் பூட்டிக் கிணற்றுக் கவலை ஏற்றத்தில் இறைத்து வாய்க்காலில் தண்ணீரை ஓடவிட்டார். "ஓடற தண்ணிக்கு என்னங்க?" என்றார். வாய்க்காலின் மேல்புறம் ஊர்க்காரர்கள், கீழ்ப்புறம் அவர்கள் என்றுதான் அதுவும் முடிந்தது. அதற்கு மேல் ஊரை அவரால் நகர்த்த முடியவில்லை. அதை ஒரு குறையாகவே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

காட்டில் இரண்டு கட்டுப்பாடுகள் வைத்தார். விட்டுவந்ததை எடுக்க என்று ஊருக்குள் யாரும் திரும்பிப் போகக்கூடாது. யாருக்காவது காய்ச்சல் கண்டால், காட்டின் கடைசி வரப்பைத் தாண்டி வேப்பமரத்தடியில் போட்டிருக்கிற சாளைக்குப் போய்விட வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் மட்டும் கூட இருக்கலாம். சோறும் தண்ணீரும் வரப்பின் மேல் வைக்கப்படும்.

முதலில் காய்ச்சல் கண்டது எதிர்வீட்டு அக்காவின் புருஷனுக்கு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்காவே கூடப் போனாள். போகும்போது இவர் முகத்துக்கு நேரே நின்று, "உங்க ஊட்டுப் புள்ளைக்கு வந்தா இப்படிக் கொண்டுபோய் உடுவீங்களா?" என்று கேட்டாள். புருஷன் அங்கேயே போய்ச் சேர்ந்தான். அக்கா பட்டினி கிடந்தவள்போல் மெலிந்து திரும்பி வந்தாள். எங்கள் சாளைப் பக்கம் முகம் கொடுக்கவில்லை.

பிறகு எங்கள் மகளுக்கு உடம்பு சுட்டது.

மத்தியானம் தூங்கி எழுந்தவள் அழுதாள். தொட்டேன், அடுப்புக்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. பக்கத்துச் சாளைகளில் யாரும் பார்த்தார்களா என்றுதான் முதலில் பார்த்தேன். உள்ளே இழுத்துப் போட்டு ஈரத்துணியைச் சுற்றினேன். அவர் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்ததும், "வெயில்ல ஆடிட்டு வந்திருக்கறா. வேற ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

அவர் அவள் கையைத் தூக்கி அக்குளைத் தடவினார். அவள் வீல் என்று கத்தினாள். நெறி கட்டியிருந்தது.

வெகுநேரம் குத்துக்காலிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு அவளைத் தோளில் தூக்கினார்.

நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். "இங்கியே ஒரு மூலையில வெச்சுப் பாத்துக்கலாங்க. நீங்க போட்ட கட்டு. நீங்க மாத்துனா யாருங்க கேக்கப்போறாங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க புள்ள. அதுனாலதான் போறேன்."

"அப்ப நானும் வாரேன்."

"வயித்துல ஒண்ண வெச்சுக்கிட்டு எங்க வருவே? கைய உடு."

நான் விடவில்லை. அவரே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மெதுவாகத்தான் பிரித்தார், ஆனால் பிரித்தார். பின்புறமாகப் போயிருக்கலாம். சாளைகளுக்கு நடுவே எல்லோரும் பார்க்க நடந்து போனார். வெளியே வந்து நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் மட்டும் அவரை என்னென்னவோ சொல்லிக் கத்தினேன். அந்தச் சொற்களை இங்கே எழுத மாட்டேன்.

அன்று மாலை எங்கள் அடுப்பு எரியவில்லை. எதிர்வீட்டு அக்கா உள்ளே வந்தாள். அடுப்பைப் பற்றவைத்துக் கம்பங்கூழ் காய்ச்சி, ஒரு கலயத்தை வரப்புக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். இன்னொன்றை என் முன்னால் வைத்தாள். "குடி அம்மிணி. நானும் அங்க இருந்து வந்தவதான். அழுவறதுக்கும் தெம்பு வேணும்" என்றாள். அதன் பிறகு அவள் என்னைவிட்டு நகரவில்லை.

அவர் வரப்புக்கு அந்தப்பக்கம் இருந்தும் காட்டில் கூடிய ஊர் கலையவில்லை. காலையில் வெயில் ஏறுமுன் வரப்பில் வந்து நிற்பார். இந்தப்பக்கம் ஆட்கள் எட்டி நின்று சத்தம் போட்டுக் கேட்பார்கள். மாட்டை எங்கே ஓட்டுவது, ஊருக்குள் போய் வந்தவனை என்ன செய்வது, எல்லாம் கேட்பார்கள். முன்பு முணுமுணுத்தவர்களும் இப்போது மறுபேச்சுப் பேசவில்லை. மணியக்காரர்கூடத் தலைப்பாகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் நின்றாராம். நான் போகவில்லை. அக்கா வந்து "புள்ள கஞ்சி குடிச்சாளாம்" என்று சொல்லும்போது மட்டும் காதைத் தீட்டிக்கொள்வேன். அவரைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

ஒரு விடியற்காலையில் எனக்கு வலி எடுத்தது. பால் கறக்கிற நேரத்துக்குப் பையன் பிறந்தான். மருத்துவச்சி தொப்புள்கொடி அறுக்கும் முன்பே அக்கா வெளியே ஓடினாள். கிணற்றடிக் கவலை மேட்டில் ஏறி நின்று அவள் கூவியது எனக்கே கேட்டது.

"பையனுங்க! தாயும் புள்ளையும் நல்லா இருக்கறாங்க!"

அவர் வரப்பில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டாராம். பிறகு எழுந்து நின்று, "அவ சாப்புட்டாளா?" என்று கேட்டாராம். அக்கா அதை வந்து சொன்னபோது நான் ஓலைத் தடுப்புப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கோபம் இருக்கத்தான் செய்தது.

மகளின் நெறி பழுத்து உடைந்தது. நெறி உடைந்தால் பிழைப்பார்கள் என்பார்கள், அவள் பிழைத்தாள். காய்ச்சல் நின்ற பிறகும் சில நாட்கள் பொறுத்து, துணிகளையும் சாளையையும் எரித்துவிட்டு, கிணற்றில் குளித்து, அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் தன் காலாலேயே ஓடி வந்து தம்பியின் தொட்டிலைப் பிடித்தாள். அவர் வாசலிலேயே நின்றார். கன்னம் ஒட்டித் தாடி வளர்ந்திருந்தது.

நான் பேசவில்லை.

"எம்மேல எத்தனை வேணும்னாலும் கோவிச்சுக்க. பையனுக்குப் பால் குடுக்கறப்ப மட்டும் வெசனப்படாத" என்றார். பிறகு தொட்டிலுக்கு அருகில் வந்து குனிந்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார், தொடவில்லை. நான்தான் பையனை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

மழை விழுந்த பின் ஊர் திரும்பினோம். ஓடுகளைப் பிரித்து வெயில் காட்டி, சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்தோம். நோம்பி அந்த வருஷம் தாமதமாக நடந்தது. முதல் மரியாதையை மணியக்காரர் இவருக்குக் கொடுக்கச் சொன்னபோது இவர் கூட்டத்தில் இல்லை. பையனுக்கு மாந்தம் என்று நாமக்கல் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போயிருந்தார். எதிர்வீட்டு அக்கா எங்கள் வீட்டோடு ஒருத்தியாகிவிட்டாள். பையன் அவளைத்தான் முதலில் அம்மா என்றான்.

எங்கள் பேச்சும் வழக்கத்துக்கு வந்தது. ஆனால் அந்த விரல்களைப் பிரித்ததைப் பற்றி நான் அவரிடம் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. நல்ல மனிதர், நல்ல அப்பன், என்னைக் கண்கலங்க வைக்காதவர் என்று ஊர் சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சில் ஓர் ஓரம் மட்டும் ஒத்துக்கொள்ளாமல் இருந்தது. ஊரா பிள்ளையா என்று வந்தபோது ஊரைத்தானே எடுத்தார் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாம் யுத்தம் முடிந்த சமயத்தில் அவர் போனார். கடலைக்காட்டில் களை பார்த்துவிட்டு வந்தவர், நெஞ்சு அடைக்கிறது என்று கட்டிலில் சாய்ந்தார், அவ்வளவுதான். சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் வந்தன. கிழக்குத் தெருக்காரர்கள் வாசல் வரை வந்து தயங்கி நின்றபோது, என் மகன் போய் உள்ளே கூட்டிவந்தான். அப்போது யாரும் முகம் சுளிக்கவில்லை.

மகளை அயோத்தியாப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். காரியம் முடிந்து வந்திருந்த ஒறம்பரை சனமெல்லாம் கிளம்பிப் போன பின்னும் அவள் என்னோடு தங்கினாள். ஒரு சாயங்காலம் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். வேப்பமரத்துச் சாளையில் இருந்தது ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அத்தனை வருஷத்தில் அன்றுதான் கேட்டேன்.

"வலிச்சது அவ்வளவா ஞாபகம் இல்லம்மா" என்றாள். "அப்பா என்னை மடியில வெச்சுக்கிட்டு நம்ம சாளையையே பாத்துக்கிட்டு இருப்பாரு. பொகை வந்தா, 'அம்மா அடுப்புப் பத்த வெச்சுட்டா பாரு'ம்பாரு. 'இப்ப தண்ணிக்கு வாரா. குடத்தை எறக்கி வெச்சுட்டு இடுப்பைப் புடிக்கறா, பாவம் வலிக்குதாட்ட இருக்குது'ம்பாரு. நீ என்னென்ன செய்யறேன்னு பொழுதுக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஒருநாள் பொகை தாமசமா வந்துச்சு. அப்பா எந்திரிச்சு வரப்பு வரைக்கும் போயிட்டாரு. ஒரு காலைத் தாண்டியும் வெச்சுட்டாரு. அப்பறம் என்னைத் திரும்பிப் பாத்துட்டு வந்து உக்காந்துக்கிட்டாரு."

நான் கையில் இருந்த புளியை முறத்தில் போட்டேன். "அன்னைக்கு வெறகு ஈரமா இருந்துச்சு சாமி. பத்திக்கவே இல்லை" என்றேன்.