ஆர்வின் லின்டலின் சுவர்

துப்பாக்கியின் போல்ட்டை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்து, போதாதென்று சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்த்த பிறகுதான் எண்ணெய்த் துணியைக் கையில் எடுப்பார் ஆர்வின் லின்டல். போன ஞாயிற்றுக்கிழமை அதே துப்பாக்கியை அதே கையால் துடைத்து மாட்டியவர் அவர்தான். இடையில் அதை ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் பார்ப்பார். "காலியா இருக்குன்னு நெனச்ச துப்பாக்கிதான் ஆளக் கொல்லும்" என்பார். குழலின் வாயிலிருந்து கட்டையின் அடிவரை ஒரே இழுப்பாகத் துடைத்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, சுவரில் அடித்த மான்கொம்பில் திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். சர்ச்சுக்குப் போட்டுப்போன கோட்டைக்கூட அதற்குள் கழற்றியிருக்க மாட்டார்.

எழுபத்து நாலு வயது. மொன்டானாவின் வட எல்லையில், கோதுமையைத் தவிர வேறெதுவும் விளையாத எங்கள் பக்கத்தில், சாலைக்கு அந்தப் புறம் அவர் வீடு, இந்தப் புறம் எங்கள் வீடு. நிலத்தை இப்போது பக்கத்துப் பண்ணைக்காரன் டுவேனுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். முன்னறைச் சுவர் முழுக்கத் துப்பாக்கிகள். மற்றவர்கள் வீட்டில் சோபா டி.வி.யைப் பார்த்திருக்கும், அவர் வீட்டில் சுவரைப் பார்த்திருக்கும். மேலே ஒரு மஞ்சள் விளக்கு வேறு. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் எனக்குத் தினமும் மாலையில் அவருடைய பெரிய ஜன்னல் வழியே அந்த வெளிச்சம் தெரியும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். கட்டை பிளந்து செப்புக்கம்பி சுற்றியிருப்பது, இங்கே முதன்முதலில் நிலம் பிடித்த தாத்தாவுடையது. அதற்குக் கீழே இருப்பது, போருக்குப் போய்த் திரும்பாத அண்ணன் பையனாக இருந்தபோது முயல் சுட்டது. ஓரத்தில் இருக்கும் மெலிந்த சின்னத் துப்பாக்கி, நிச்சயதார்த்தத்துக்கு மோதிரத்துக்குப் பதிலாக மனைவி பெர்னிஸுக்கு வாங்கிக் கொடுத்தது. "மோதிரம்னா தொலைஞ்சு போயிரும், இது தொலையுமா?" என்றாராம். "அது சரி, நாலு பேருக்கு எப்படிக் காட்டுறது? தோள்ல மாட்டிக்கிட்டா கல்யாணத்துக்கு வர்றது?" என்று கேட்டாளாம் பெர்னிஸ். ஐம்பது வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது அவள்தான் முதலில் சிரிப்பாள்.

மினியாபொலிஸில் இருக்கும் மகள் ஜோலினுக்குக் குழந்தை பிறந்ததும், துப்பாக்கி வைக்கிற பெரிய இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பினாள். நம்பர் பூட்டு, விரற்கடை தடிமனில் கதவு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டுமானால் எல்லாம் அதற்குள் போயிருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பேரன் வரும்போதெல்லாம் துப்பாக்கிகள் உள்ளே போகும், அவர்கள் கிளம்பிப் போகும் கார் சாலை முனை திரும்புவதற்குள் சுவருக்கு வந்துவிடும். மற்ற நாட்களில் பெட்டிக்குள் விதை உருளைக்கிழங்கும் பெர்னிஸ் போட்ட பீட்ரூட் ஊறுகாயும் இருந்தன. "எங்க வீட்டு உருளைக்கிழங்க ஒருத்தனும் திருட முடியாது தெரியுமா!" என்று எங்களிடம் பெருமை அடித்துக்கொள்வார்.

அவருடைய வாதம் இதுதான்: "ஒளிச்சு வைக்கிறது வெக்கப்படுற பொருளத்தான். சுவத்துல இருந்தா ஒண்ணு போனாலும் பல்லு விழுந்த மாதிரி தெரியும். பெட்டிக்குள்ள இருந்து போனா எவனுக்குத் தெரியும்?" இதில் எனக்கும் அவருக்கும் எத்தனையோ முறை வாய்ச்சண்டை வந்திருக்கிறது. போனால் தெரியும் என்பதெல்லாம் சரி. பார்ப்பதற்கு வீட்டில் இன்னொரு ஆள் வேண்டுமே.

அந்த ஆள் அக்டோபரில் போய்விட்டாள். களத்தில் அறுவடை எந்திரங்களைக் கழுவி நிறுத்திய வாரம், பெர்னிஸுக்குத் தூக்கத்திலேயே மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. அடக்கத்துக்கு வந்த ஜோலின் எவ்வளவோ கூப்பிட்டும் ஆர்வின் நகரத்துக்குப் போகவில்லை. சர்ச்சுக்கு வருவது நின்றது. ஓட்டல் மூலை மேஜைக்குக் காபி குடிக்க வருவதும் நின்றது. நான் உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு வேகவைத்த தட்டோடு ஒருநாள் போனபோது, அதற்கு முந்தைய தட்டு மூடியது மூடியபடி இருந்தது. மனிதர் பாதியாகியிருந்தார். மஞ்சள் விளக்கு பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

அதெல்லாம் துக்கம், போகப்போகச் சரியாகும் என்று சமாதானம் செய்துகொண்டிருப்பேன். ஆனால் அன்று சுவரைப் பார்த்தேன். துப்பாக்கிகள்மேல் தூசி.

எங்கள் பக்கத்தில் துணை இழந்த கிழவர்களுக்குக் குளிர்காலம் ஆகாது. அப்படி ஒற்றை வெடிச்சத்தத்தோடு முடிந்த ஒரு வீட்டை, ஒரு களஞ்சியத்தை, ஒரு பெயரை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். கோதுமை விலை, மழை, டிராக்டர் எல்லாம் விடிய விடியப் பேசும் எங்கள் ஆண்கள், இந்த இடம் வந்ததும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொள்வார்கள். ஆர்வினைப் பற்றியும் ஓட்டல் மேஜையில் ஒருவரும் வாய்விட்டு எதுவும் பேசவில்லை. பேசாமலேயே முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவருடைய துப்பாக்கிகளை இரவல் கேட்க ஆரம்பித்தார்கள்.

முதலில் டுவேன் போனான். கன்றுக்குட்டிகளை நரி தொந்தரவு செய்கிறதாம், தன் துப்பாக்கி பழுதாம். அடுத்து என் வீட்டுக்காரர் ராய்ஸ். அவருக்கும் நரி. அப்புறம் வேறு யார் யாரோ, மருமகனுக்குச் சுடக் கற்றுக்கொடுக்க என்று. கடைசியில் பாதிரியார் வந்து, வயலைத் தோண்டும் தரை அணில்களைச் சுட வேண்டும் என்றாராம். மாதம் ஜனவரி, முழங்கால் ஆழப் பனி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், இவர் சோறே இல்லாமல் மறைக்கப் பார்த்தார்.

"அதுங்க குழிக்குள்ள தூங்குதுங்களே ஐயா. எழுப்பி விட்டுச் சுடுவீங்களா, இல்ல தூங்கும்போதேவா?" என்று கேட்டிருக்கிறார் ஆர்வின். பாதிரியார் முகம் சிவந்து நிற்க, சுவரில் மிச்சம் இருந்த இரண்டையும் இறக்கி, துடைத்து, கையில் கொடுத்து அனுப்பினார்.

எல்லாம் எங்கள் வீட்டு நிலவறைக்குத்தான் வந்து சேர்ந்தன. ராய்ஸின் இரும்புப் பெட்டிக்குள் லின்டல் குடும்பத்தின் மூன்று தலைமுறை தோளோடு தோள் இடித்து நின்றது.

நான் காபியோடு மறுபடி போனபோது சுவரில் வெறும் கொம்புகள். துப்பாக்கி இருந்த இடமெல்லாம் சுவரில் ஒட்டிய காகிதம் நிறம் மங்காமல், நீளநீளமாக அச்சு விழுந்திருந்தது. ஆர்வின் சோபாவில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெர்லா, பெர்னிஸ் போனதுலேர்ந்து இந்த ஊர்ல நரி ரொம்பப் பெருத்துப் போச்சு போல?"

"ஆமா, இந்த வருஷம் ஜாஸ்திதான்."

"பாத்து. உன் பஸ்ல ஏறி உக்காந்துரப் போகுது."

அவர் சிரிக்கவில்லை. எனக்குத் திடீரென்று கோபம் வந்தது. அவர்மேல், ராய்ஸ்மேல், பாதிரியார்மேல், வருடக்கணக்காகத் தட்டும் கையுமாக எல்லா வீட்டுக்கும் போய் வானிலை பேசிவிட்டு வந்த என்மேல்.

"ஆர்வின், செத்துப் போயிரலாம்னு இருக்கா உங்களுக்கு?"

கேட்டுவிட்டேன். வெளியே பனி சறுக்கிக் கூரையிலிருந்து விழுந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார், பிறகு தன் முழங்கால்களைப் பார்த்தார்.

"நீ கொண்டாந்த காபி ஆறுது பாரு" என்றார்.

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ராய்ஸிடம் சொன்னபோது, "என்னடி இப்படியா கேப்பாங்க மூஞ்சிக்கு நேரா?" என்று பதறினார். ஜோலினுக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை கிளம்பி வருகிறேன் என்றாள். சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை.

காலையில் பஸ் எடுக்கக் கிளம்பும் நேரத்தில் அவருடைய பிக்கப் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. அக்டோபருக்குப் பிறகு அது சாலையைத் தாண்டியதே இல்லை. உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு சமையலறை மேஜை முன் உட்கார்ந்தார். சவரம் செய்யாத முகம். ராய்ஸ் வானிலை பேச வாயெடுத்தார். நான் முறைத்ததும் மூடிக்கொண்டார்.

கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார் ஆர்வின். பெர்னிஸ் பாத்திரம் துடைக்கும் நீலக்கோட்டுத் துணி. அதைப் பிரித்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரிவால்வர்.

"இது சுவத்துல இருந்ததில்ல" என்றார்.

"பின்ன எங்க இருந்துச்சு?"

"கட்டிலுக்குப் பக்கத்து டிராயர்ல." துணியின் ஓரத்தை நீவினார். "அவளுக்கே தெரியாது."

உருளையைத் திறந்து சாய்த்தார். தோட்டாக்கள் மேஜை விரிப்பில் உருண்டு, ஒன்று சர்க்கரைக் கிண்ணத்தில் முட்டி நின்றது. ரிவால்வரை என் பக்கம் தள்ளினார். தள்ளினாரே ஒழிய, மேலே வைத்த கையை எடுக்கவில்லை. நானும் அவசரப்படவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. என் கையை அவர் கையின்மேல் வைத்தேன். குளிர்ந்திருந்தது. சற்றுப் பொறுத்து, ஒவ்வொரு விரலாக என் கைக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டார்.